காலியாக விடத் தெரியாத பிள்ளைகள்

லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் உற்சாகமாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். உற்சாகப்படுத்த உங்கள் கல்லூரியில் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். டை கட்டிக்கொண்டு வருவார், மைக்கைப் பிடித்து 'உங்களால் முடியும்' என்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் பல வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தையும் சளியையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு உங்களைப் போலப் பாடம் எடுக்க வந்தவள். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. வந்திருந்தால் நானும் ஒரு பிரின்சிபால் ஆகியிருப்பேன்.

நான் வேலை பார்த்தது புதுச்சேரி டவுனுக்குள், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த தனியார் கல்லூரியில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு போர்டு தொங்கும்: 'படித்து முடித்தவுடன் வேலை.' பிளஸ் டூவில் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் மார்க் போதாத பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். மீனவக் குப்பங்களிலிருந்து வருவார்கள், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பிரான்சுக்குப் போகும்வரை பொழுது போகவேண்டும். மற்றவர்களுக்கு வேலை வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மாடு மாதிரி உழைத்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவர்களுக்கு ஒரு பாடம் ஏறியிருந்தது: எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. தெரியாத கேள்வி வந்தால் அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பி எழுது, ரெண்டு மார்க்காவது விழும். பக்கத்தை நிரப்பு, கடைசிவரை உட்கார், கூடுதல் தாள் கேட்டு வாங்கு. எங்கள் பிரின்சிபால் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் வகுப்பு வகுப்பாக வந்து இதையே சொல்லுவார். "வெள்ளப் பேப்பருக்கு எந்த முட்டாளும் மார்க் போட மாட்டான். எதையாச்சும் எழுதிட்டு வா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். அதற்குத்தான் அவருக்குப் பேர்.

செய்முறைத் தேர்வில் இந்த வித்தை இன்னும் அழகாக நடக்கும். காலையில் எழுதிய பேட்ச் வெளியே வரும்போது மத்தியான பேட்ச் வாசலில் நின்று, "இன்னாடி வந்துச்சு?" என்று கேட்கும். விடை கிடைத்துவிடும். அப்புறம் உள்ளே போய் அந்த விடைக்குத் தக்கபடி அளவுகளைப் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை ஒரு பையன் கையிலிருந்த சோதனைக் குழாய் தவறி விழுந்து உடைந்து, ரத்தம் மேஜை பூராவும் கொட்டிவிட்டது. என் கண் முன்னால் நடந்தது. துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஹீமோகுளோபின் அளவை எழுதினான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, "வெரி குட், சரியா வந்திருக்கே" என்றார். நான் அவரிடம் குழாய் உடைந்ததைச் சொன்னேன். "பரவால்ல மேடம், ஆன்சர் கரெக்ட்டா இருக்குல்ல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

சிரிப்பதை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி மேகலாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மேகலா குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை எடுத்து வீதி வீதியாக விற்கிறவர். காலையில் அந்த அம்மா கூடையைத் தூக்குகிற நேரத்துக்கே மகள் புத்தகத்தைத் தூக்கிவிடுவாள் என்று அவளோடு படித்த பிள்ளைகள் கேலி செய்வார்கள். மனப்பாடம் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதோடு கையும் நல்ல கை. குழந்தைகூட அழாதபடி ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். கல்லூரியில் முதலாவதாக வந்தாள். பிரின்சிபால் அவள் முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஜவுளிக்கடை போர்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். டவுனுக்குள் ஒரு லேடி டாக்டர் நடத்திய நர்சிங் ஹோமில் லேபுக்கு ஆள் கேட்டார்கள். அந்த டாக்டரை எனக்கு ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்தே தெரியும். கறாரானவர், கெட்டிக்காரர். நான்தான் அழைத்துக்கொண்டு போய் மேகலாவைச் சேர்த்துவிட்டேன்.

அந்த வேலை அவர்கள் வீட்டுக்கு எப்படிப்பட்டது என்று நான் விளக்கவேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. கடலுக்குப் போனால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று வாழ்ந்தவர்கள். அவள் அம்மா எனக்கு ஒரு பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எம்மவ வெள்ளக் கோட்டு போட்டுக்குனு போறதப் பாக்கணும் மேடம் நீங்க" என்றார். நான் பார்த்திருக்கிறேன். கோட்டைத் தினமும் துவைத்து இஸ்திரி போட்டிருப்பாள்.

மழை முடிந்து காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த ஒரு மாதம். நர்சிங் ஹோமில் கட்டில் போதாமல் பெஞ்சில் படுத்திருந்தார்கள். அதில் ஒரு கட்டிலில் வயதான ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். நாலு நாளாகக் காய்ச்சல் அடித்து, அன்றைக்குத்தான் இறங்கியிருந்தது. இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தம் கசியாமல் காக்கிற தட்டணுக்கள், பிளேட்லெட் என்கிறோமே, அவை அப்போதுதான் சரசரவென்று குறையும். நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், உள்ளே கசிய ஆரம்பித்திருக்கும். அதனால் தினமும் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

மேகலா எடுத்துக்கொண்டு வந்த ரத்தம், எண்ணுவதற்குள் குழாயில் உறைந்துவிட்டது. அது யாருக்கும் நடப்பதுதான். உறைந்த ரத்தத்தில் பிளேட்லெட் எண்ண முடியாது, எண்ணினாலும் அது பொய்க் கணக்கு. மறுபடி எடுக்கவேண்டும். அவளும் மறுபடி போனாள். சொல்தா கையை நீட்டவில்லை. போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மத்மொஸேல், காலைல ஒரு தடவ குத்தியாச்சு. நான் அல்ஜேரிச் சண்டைல குண்டு வாங்குனவன். அந்தப் பட்டாளத்து தொக்தரே ஒரு தடவதான் குத்துனாரு."

"இல்ல சார், ரத்தம் ஒறஞ்சி போச்சி..."

"அது உன் தப்பு. எனக்குக் காய்ச்சல் விட்டுடிச்சி. போ, போ."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நர்ஸ் வேறு எங்கோ இருந்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம், ரிப்போர்ட் எங்கே என்று கீழேயிருந்து ஆள் வந்து கேட்டாயிற்று. மேகலா லேபுக்குத் திரும்பி வந்தாள். சர்க்கரை, உப்பு என்று வேறு குழாயில் எடுத்ததெல்லாம் பார்த்து முடித்திருந்தாள். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. முந்தின நாள் எண்ணிக்கை கொஞ்சம் குறைவாக இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் தெம்பாகச் சண்டை போடுகிறார், அப்படியானால் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். கொஞ்சம் ஏற்றி எழுதினாள். கீழே அனுப்பிவிட்டாள்.

டாக்டர் அதைப் பார்த்தார். எண்ணிக்கை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை. நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்தாவிடம் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே குஷி.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். இதுவரை நடந்தது எதுவும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உறைந்த ரத்தத்தைக் கொட்டிக் குழாயைக் கழுவியாகிவிட்டது. சொல்தா வீட்டுக்குப் போய் ஏதாவது ஆகியிருந்தால், வயசான கட்டை, காய்ச்சல் திரும்பிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். மேகலா மேல் ஒரு சொல் விழுந்திருக்காது. ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றிருக்கிறாள். மறுநாள் வேலை நேரத்துக்கு வெகு முன்னாலேயே கிளம்பிப்போய், டாக்டர் காரை விட்டு இறங்குகிற இடத்தில் நின்று சொல்லிவிட்டாள்.

"மேடம், அந்த பிளேட்லெட்டு நான் எண்ணல மேடம். நானா எழுதிட்டேன். அவர வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

டாக்டர் மேலே ஓடினார். அவரே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். இந்தத் தடவை சொல்தா தானாகவே கையை நீட்டினார், ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. எண்ணிக்கை பாதாளத்துக்குப் போயிருந்தது. உடனே ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அதற்கப்புறமும் நிறைய வருஷம் கடற்கரை ரோட்டில் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு மத்தியானம் டாக்டர் எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு நிற்கவைத்து மேகலாவைக் கேட்டார்.

"எண்ண முடியலன்னா முடியலன்னு எழுதவேண்டியதுதான? ஏம்மா நம்பர் போட்ட?"

மேகலா, "காலியா விட பயமா இருந்துச்சி மேடம்" என்றாள்.

அன்றே அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் நான் டாக்டரைப் பார்க்கப் போனேன். கோபமாகத்தான் போனேன். தப்பு பெரிய தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தானாக வந்து சொன்னவளை வெளியே அனுப்புவது என்ன நியாயம் என்று மனசு கொதித்தது. டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அவ தானா வந்து சொன்னா டாக்டர்."

"தெரியும் மேடம். எங்கிட்டதான சொன்னா."

"அவ சொல்லலன்னா அந்த மனுஷன் வீட்ல போய் செத்திருப்பாரு."

"அவ அத எழுதலன்னா அவர வீட்டுக்கு அனுப்பணும்னே எனக்குத் தோணியிருக்காது."

அது உண்மைதான். அவரே தொடர்ந்தார்.

"இனிமே அவ குடுக்குற ஒவ்வொரு ரிப்போர்ட்டப் பாக்கும்போதும், இது எண்ணுனதா, எழுதுனதான்னு எனக்கு ஓடும். அப்புறம் நான் எப்படி வைத்தியம் பாக்கறது, சொல்லுங்க."

"மத்தவங்க ரிப்போர்ட்டப் பாக்கும்போது அப்படித் தோணாதா?"

"தோணல."

"ஏன் தோணல?"

"அவங்க யாரும் வந்து சொன்னதில்லையே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் மாறிவிட்டது. மேஜை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வேறு பக்கம் வைத்தார். பிறகு மணியடித்து அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

குருசுக்குப்பத்துக்குப் போனேன். மேகலா வெளியே வரவில்லை. அவள் அம்மாதான் பேசினார். கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல மேடம். பொய்ய எழுதுன அன்னிக்கி வேலைல வச்சிருந்தாங்க. உண்மைய சொன்ன அன்னிக்கி போவ சொல்லிட்டாங்க. இது இன்னா படிப்பு?"

ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

கல்லூரியில் பிரின்சிபாலிடம் போய், இனிமேலாவது 'காலியா விடாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பரீட்சையில விடக்கூடாதுன்னுதான மேடம் நான் சொன்னேன். ஆஸ்பத்திரில எழுதச் சொன்னேனா?"

"இங்க ரெண்டு வருஷம் பழக்குனது அங்க போனதும் மறந்துடுமா சார்?"

"அதெல்லாம் விடுங்க. அந்தப் பொண்ணு போய் ஏன் சொன்னுச்சி? அதச் சொல்லுங்க. வாய மூடிக்கிட்டு இன்னொரு தடவ ரத்தத்த எடுத்து, புதுசா ஒரு ரிப்போர்ட் போட்டிருந்தா முடிஞ்சிபோச்சி."

அடுத்த வாரம் வேலைவாய்ப்பு வகுப்பில் அவரே வந்து இதைப் பாடமாக எடுத்தார். பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். வாசலில் மேகலாவின் முகம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றுங்கள் என்றதற்கு, அட்மிஷன் முடியட்டும் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷ உள்தேர்வில் வேண்டுமென்றே எல்லோருக்கும் உறைந்த ரத்தத்தை வைத்தேன். கண்ணுக்குத் தெரியும்படியாகக் கட்டி மிதந்தது. பிளேட்லெட் எண்ணிக்கை எழுதுங்கள் என்றேன். ஒரு பிள்ளையாவது எழுந்து, 'மேடம், இது ஒறஞ்சிருக்கு, வேற குடுங்க' என்று கேட்கும் என்று வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தேன். கட்டியைக் குச்சியால் ஓரம் தள்ளிவிட்டு எண்ணினார்கள். சிலர் எண்ணவே இல்லை, பக்கத்தில் பார்த்து எழுதினார்கள். வகுப்பு முழுவதும் அழகான எண்கள். அத்தனை பேருக்கும் முட்டை போட்டேன். பிரின்சிபால் அத்தனை பேரையும் பாஸ் போட்டார். மேகலா கதையைக் கேட்டு உச்சுக்கொட்டிய அதே பிள்ளைகள்தான். எனக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

வேலையை விட்ட பிறகு ஒரு தடவை அந்த நர்சிங் ஹோம் வழியாகப் போனபோது, லேபில் இருந்த பெண் ஓடிவந்து வணக்கம் சொன்னாள். மேகலாவுக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, டாக்டர் திட்டுவதே இல்லை என்றாள். ரத்தம் உறைந்துபோனால் என்ன செய்வாய் என்று விளையாட்டுப்போலக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அதெல்லாம் சமாளிச்சிப்போம் மேடம். மேகலாக்கா மாதிரி போய் சொல்லிக்கினு நிக்க மாட்டோம்."

அதற்கப்புறம் எனக்கு ஏதாவது உடம்புக்கு வந்தால், அந்த வீதியைத் தாண்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்கிறேன். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்காதீர்கள். ஒருவர் கண்ணையும் பார்க்காமல் கையை நீட்டிவிட்டு வருகிறேன்.

மேகலாவுக்கு வேறு எந்த லேபிலும் வேலை கிடைக்கவில்லை. சின்ன ஊர், டாக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். வெளியூரில் முயற்சி செய் என்றேன். அங்கேயும் முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, போகாமலே இருந்துவிட்டாள். எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

உங்களுக்கு அறிவுரை என்று ஒன்று எழுதவேண்டுமே. இதுதான். உங்கள் தேர்வுகளில் 'எனக்குத் தெரியவில்லை, மறுபடி ரத்தம் வேண்டும்' என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க் கொடுங்கள். உங்கள் பிரின்சிபால் அதை அடிப்பார், நீங்கள் திரும்பவும் போடுங்கள். ஆங்கிலம் பேசவும் கைகுலுக்கவும் அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம். காலியாக விடுவதற்குத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்துக்கு வகுப்பிலேயே ஒரு இடம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் அது திடீரென்று முளைக்காது. இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். தைரியமாகச் சொன்னவளுக்கு என்ன ஆயிற்று என்று இப்போதுதான் படித்தீர்கள். அதையும் அந்தப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிறகு அவர்கள் பாடு.

இதை எழுத உட்காரும் முன் மேகலாவை அவளுடைய கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய்ப் பார்த்தேன். கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை எப்படி என்றேன்.

"நல்லாதான் இருக்குது மேடம். பெட்டில சோப்பு கம்மியா இருந்தா கம்மியா இருக்குன்னு சொல்லலாம். திட்ட மாட்டாங்க. வேற எடுத்து வப்பாங்க."

புது வாத்தியார்களுக்கு நடந்ததை நீயே உன் கையால் எழுதிக் கொடேன், நான் எழுதுவதைவிட அது நன்றாக உறைக்கும் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்பும் இல்லை.

"சொல்லித்தான மேடம் வேல போச்சி. மறுபடியும் சொல்லச் சொல்றீங்களா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அதனால்தான் இதை நான் எழுதவேண்டியதாயிற்று.